தூத்சாகர்: உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டிய அருவி

கோவா போய் வந்தோம் என்று சொன்னால் நம் காலனியில் உடனே வரும் கேள்வி, "எந்த பீச்?" என்பதுதான். பீச்சைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. கடலை விட்டுவிட்டு மலைக்குப் போய் வந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அந்த ஒரு நாளுக்காக வீட்டில் ஒரு சின்ன மனஸ்தாபமும் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதினால்தான் விஷயம் புரியும்.

சென்ற ஆண்டு கணபதி விடுமுறைக்கு மகளும் மாப்பிள்ளையும் எங்களையும் அழைத்துக்கொண்டு கோவாவுக்குக் கிளம்பினார்கள். பேரனுக்குப் பதினொன்று, பேத்திக்கு ஏழு. கோல்வா கடற்கரைப் பக்கம் ஒரு ரிசார்ட். மழை இன்னும் விடவில்லை. கடல் சேற்று நிறத்தில் கொந்தளித்துக்கொண்டிருந்தது. கரையில் சிவப்புக் கொடி நட்டு, யாரும் இறங்கக் கூடாது என்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் நீச்சல் குளத்தில் கழிந்தது. இரண்டாம் நாள் அதுவும் அலுத்துவிட்டது. என் மனைவி ரிசார்ட் சமையலறையில் வெறும் சாதம் கேட்டு வாங்கி, கையோடு கொண்டுவந்திருந்த புளிக்காய்ச்சலைப் பிசைந்து எல்லோருக்கும் கொடுத்தாள். "நாளைக்காவது எங்கேயாவது போகலாமே" என்றாள்.

மாப்பிள்ளை உடனே செல்போனை எடுத்து ஒரு படம் காட்டினார். தூத்சாகர் அருவி. அதன் குறுக்கே பாலம், பாலத்தின் மேல் ரயில். 2013-ல் வந்த 'சென்னை எக்ஸ்பிரஸ்' இந்திப் படத்தில் பார்த்திருப்பீர்கள். இவர் காட்டிய படத்தில் ரயில் மட்டும் இல்லை. வாலிபர்கள் சிலர் தண்டவாளத்தின் நடுவே கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"மாமா, காலையில மட்கான்ல ரயில் ஏறிடலாம். அருவிக்குப் பக்கத்துல கொஞ்ச நேரம் நிக்குமாம். இறங்கி, லைன் ஓரமாவே நடந்தா போதும். பசங்களுக்கு வாழ்நாள் பூரா ஞாபகம் இருக்கும்."

நான் ஒரே வார்த்தையில் "வேண்டாம்" என்றேன். "ரயில்ல போகலாம், இறங்க வேண்டாம். லைன்ல நடக்கறது குத்தம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பால்கனியில் மகளிடம் சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது: "உங்கப்பாவுக்கு எதை எடுத்தாலும் ரூல் புக்தான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. டிப்ளமோ முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்து, 2018-ல் ஓய்வு பெறும் வரை நான் பார்த்தது தண்டவாளப் பராமரிப்பு வேலை. எங்கள் காலத்தில் பி.டபிள்யூ.ஐ. என்பார்கள், பிறகு செக்‌ஷன் இன்ஜினியர் என்று பெயர் மாறியது. உத்தரவு போட்டே பழகிவிட்டதால் காரணம் சொல்ல மறந்துவிடுகிறோம். காரணம் சொல்லாத விதி, கேட்பவருக்குப் பிடிவாதமாகத்தான் தெரியும். மறுநாள் ரயிலில் அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டேன். அப்போது சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

பாதை வந்த கதை

காலையில் மட்கானில் ஏறினோம். மேலே லோண்டா வரை ரயிலில் போவது, ரிசார்ட்டிலிருந்து அமர்த்திய கார் அங்கே வந்து நிற்பது, திரும்பும்போது சாலை வழியாக இறங்குவது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மும்பையில் நெடுநாளாக இருப்பவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். கொங்கண் ரயில்வே முழுப் பாதையும் 1998-ல்தான் திறந்தது. அதற்கு முன் இங்கிருந்து ரயிலில் கோவா போக வேண்டுமென்றால் புனே வழியாக மிரஜ் போய், அங்கே மீட்டர்கேஜ் வண்டிக்கு மாறி, லோண்டா வந்து, இதே மலையில் இறங்கித்தான் போக வேண்டும். 1987-ல் நானும் என் மனைவியும் அப்படித்தான் போனோம். "ராத்திரி பூரா மிரஜ் பிளாட்பாரத்துல கொசுக்கடி" என்று அதை அவள் இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

பாதை அதைவிட நூறு வருடம் பழையது. 1878-ல் பிரிட்டிஷாரும் போர்ச்சுக்கீசியரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மர்மகோவாவில் நல்ல துறைமுகம் அமையும், மலைக்கு மேலே தார்வார் பக்கம் பருத்தியும் தானியமும் விளைகிறது, இரண்டையும் ரயிலால் இணைக்கலாம் என்பது திட்டம். வெஸ்ட் ஆஃப் இந்தியா போர்ச்சுக்கீஸ் ரயில்வே என்று ஒரு கம்பெனி ஏற்பட்டது. 1887-ல் முதல் பகுதியில் வண்டி ஓடியது. 1888-ல் பாதை மலை ஏறி எல்லையில் இருக்கும் காஸில் ராக் வரை போய்ச் சேர்ந்தது. மொத்தம் சுமார் 80 கிலோமீட்டர். அன்று மலையடிவாரத்தில் குளேம் போர்ச்சுக்கீசியர் பக்கம், மலைமேல் காஸில் ராக் பிரிட்டிஷார் பக்கம். இரண்டு இடத்திலும் சுங்கச் சோதனை.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. போர்ச்சுக்கீசியக் கம்பெனியால் லாபமாக நடத்த முடியாமல், 1902 வாக்கில் ஓட்டும் பொறுப்பு சதர்ன் மராட்டா ரயில்வேயிடம் வந்தது. 1908-ல் அது மெட்ராஸ் ரயில்வேயுடன் சேர்ந்து எம். அண்ட் எஸ்.எம். ஆயிற்று. தலைமையகம் சென்னை. இன்று சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில் தெற்கு ரயில்வே தலைமையகமாக நிற்கிறதே, அந்தக் கட்டடம் 1922-ல் அந்தக் கம்பெனிக்காகத் திறக்கப்பட்டதுதான். கோவாவில் ஓடிய ரயிலுக்குச் சென்னையிலிருந்து உத்தரவு போன காலம் உண்டு என்பதைப் பேரனிடம் சொன்னபோது, "அப்போ டிக்கெட் தமிழ்ல இருந்துச்சா தாத்தா?" என்று கேட்டான். மாப்பிள்ளையின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தேழுக்கு ஒன்று

குளேம் ஸ்டேஷனில் வண்டி நின்றது. பின்பக்கம் ஒரு சின்னக் குலுக்கல். "என்ன தாத்தா, இடிச்சிடுச்சா?" என்றாள் பேத்தி.

இடிக்கவில்லை. பின்னாலிருந்து தள்ளுவதற்கு இன்ஜின்கள் வந்து சேர்ந்தன. இவற்றுக்குப் பேங்கர் என்று பெயர். புனே போகும்போது கர்ஜத்தில் வடா பாவ் வாங்குகிற நேரத்தில் பின்னால் மாட்டுவார்களே, அதே ஏற்பாடுதான். போர் காட், தல் காட், கோவாவின் இந்த பிரகான்ஸா காட் மூன்றுமே முப்பத்தேழுக்கு ஒன்று என்கிற ஏற்றம். 37 மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே ஏறும்.

கேட்பதற்கு இது ஒன்றுமில்லை போலத் தோன்றும். நம் வீட்டு மாடிப்படிக்கு முன்னால் இது எம்மாத்திரம் என்று நினைப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய ஒரு பெட்டியின் நீளம் ஏறக்குறைய 24 மீட்டர். இந்த ஏற்றத்தில் நிற்கும்போது பெட்டியின் ஒரு முனை மறுமுனையைவிட 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இருபது பெட்டி சேர்ந்தால் 480 மீட்டர் நீளம். முதல் பெட்டி கடைசிப் பெட்டியைவிடப் பதின்மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும். அதாவது, கடைசிப் பெட்டி தரைத்தளத்தில் இருந்தால் முதல் பெட்டி நாலாவது மாடியில். குளேமிலிருந்து காஸில் ராக் வரை சுமார் 26 கிலோமீட்டரும் பெரும்பாலும் இப்படித்தான்.

எடைக்கணக்கு இன்னும் முக்கியம். சமதளத்தில் ஒரு டன் எடையுள்ள ரயிலை மெதுவாக நகர்த்த இரண்டு மூன்று கிலோ விசை போதும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் உருளுவதால் கிடைக்கும் லாபம் இது. முப்பத்தேழுக்கு ஒன்று ஏற்றத்திலோ, ஒவ்வொரு டன்னையும் 27 கிலோ விசை பின்னுக்கு இழுக்கிறது. வண்டி ஆயிரம் டன் என்றால் 27 டன். எல்லா இன்ஜினையும் முன்னால் மாட்டி இழுத்தால் முதல் பெட்டியின் கொக்கிமேல் அத்தனை பாரமும் விழும். அதனால்தான் பாதி இழுப்பு முன்னால், பாதி தள்ளு பின்னால்.

சக்கரமும் தண்டவாளமும் தொடுகிற இடம் எவ்வளவு பெரிது தெரியுமா? ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது. அந்தக் காசளவு இடத்தின் பிடிப்பில்தான் வண்டி ஏறுகிறது, நிற்கிறது. மழையும் உதிர்ந்த இலையும் சேர்ந்தால் அந்தப் பிடிப்பும் குறையும். சக்கரம் வழுக்கிச் சுற்றும். இன்ஜினில் மணல் பெட்டி வைத்து, குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவது இதற்காகத்தான். நீலகிரி ரயில் இதைவிடச் செங்குத்து, பன்னிரண்டரைக்கு ஒன்று. அங்கே வெறும் பிடிப்பு போதாது என்றுதான் கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் வைத்திருக்கிறார்கள். இங்கே பல்சட்டம் கிடையாது. மனிதனும் பிரேக்கும் தான்.

இவ்வளவும் கேட்ட பிறகு மாப்பிள்ளை முதல் முறையாகப் பேசினார். "சரி மாமா. ஏறுறதுக்கே இவ்வளவு கஷ்டம்னா வண்டி மெதுவாத்தானே போகும்? நடந்து போறவன் ஒதுங்கிக்க மாட்டானா?"

நல்ல கேள்வி. எல்லோரும் கேட்கிற கேள்வியும் இதுதான்.

ஏறுகிற வண்டியும் இறங்குகிற வண்டியும்

ஏறுகிற வண்டி சத்தம் போட்டுக்கொண்டு வரும். இறங்குகிற வண்டி அப்படி இல்லை. அதைத் தள்ள வேண்டியதில்லை, அடக்கத்தான் வேண்டும். மோட்டார்களையே ஜெனரேட்டர் மாதிரி ஓடவிட்டு வேகத்தைப் பிடித்துவைப்பார்கள். கூடவே காற்று பிரேக். அதே 27 டன் இப்போது வண்டியைக் கீழே இழுத்துக்கொண்டிருக்கிறது. டிரைவர் ஆளைப் பார்த்த பிறகு முழு பிரேக் போட்டாலும், வண்டி நூற்றுக்கணக்கான மீட்டர் போய்த்தான் நிற்கும். வளைவு மலையில் அவர் கண்ணுக்குத் தெரிவதே அவ்வளவு தூரம் இருக்காது.

பிரேக் தோற்றுப்போனால் என்ன செய்வது என்று பழையவர்களே யோசித்து, மலைப்பாதைகளில் கேட்ச் சைடிங் என்று ஒன்று போட்டார்கள். பிரதான பாதையிலிருந்து பிரிந்து எதிர் மேட்டில் ஏறி முடிகிற ஒரு கிளை. பாயின்ட் எப்போதும் அந்தக் கிளைக்கே திரும்பியிருக்கும். இறங்கி வருகிற வண்டி முதலில் நின்று, தான் கட்டுப்பாட்டில் இருப்பதைக் காட்ட வேண்டும். அதன் பிறகுதான் பிரதான பாதை திறக்கும். நிற்க முடியாத வண்டி மேட்டில் ஏறி, மணலில் புதைந்து நிற்கும். ரயிலையே நம்பாத ஏற்பாடு இது. மலையில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இதற்கு மேல் குகைகளும் பாலங்களும் இருக்கின்றன. குகைக்குள் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மனிதன் நிற்க இடம் இருப்பதாக நினைக்காதீர்கள். அதற்கென்று சுவரில் அங்கங்கே குடைந்த மாடங்கள் உண்டு. இருட்டில் அது எங்கே இருக்கிறது என்று தினமும் நடக்கிற கேங்மேனுக்குத்தான் தெரியும். இந்த 26 கிலோமீட்டரில் ஒரு டஜனுக்கு மேல் குகைகள். மழைக்காலத்தில் அருவியின் இரைச்சல் வேறு.

"காது கேக்கும்னு நம்பாதீங்க மாப்பிள்ளை" என்றேன். பிறகு, நான் வீட்டில் அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

மலைப்பாதைப் பிரிவு ஒன்றில் நான் சிறு வயது பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தபோது, என் கேங்கில் ஒரு கீமேன் இருந்தார். தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடித்திருக்கும் ஆணியும் கிளிப்பும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தளர்ந்ததை அடித்து இறுக்கிக்கொண்டு போவது கீமேன் வேலை. சுமார் ஆறு கிலோமீட்டர் தூரத்தை இருபது வருடமாகத் தினமும் நடந்தவர். எந்த இடத்தில் எந்தக் கல் அசையும் என்று சொல்லக்கூடியவர். டிப்ளமோ புத்தகத்தில் நான் படித்தது பாதி, அவரிடம் கற்றது மீதி.

ஓர் ஆடி மாதத்துக் காலை. மேலே ஒரு கூட்ஸைத் தள்ளிவிட்டு, பேங்கர் இன்ஜின்கள் தனியாகக் கீழே இறங்கி வந்துகொண்டிருந்தன. கொட்டுகிற மழை, பக்கத்தில் ஓடையின் சத்தம், தலையில் ரெயின்கோட் தொப்பி, எதிரே வளைவு. டிரைவர் ஹாரன் அடித்தார், பிரேக்கும் போட்டார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. கீமேன் திரும்பியே பார்க்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்குச் செய்தி சொல்லப் போனவன் நான். வாசலில் அவருடைய பையன் பள்ளிக்கூடம் கிளம்பி நின்றுகொண்டிருந்தான். இப்போது என் பேரனுக்கு இருக்கிற வயது.

"இருபது வருஷம் அதே லைன்ல நடந்த மனுஷனுக்கே கேக்கல மாப்பிள்ளை. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு, போட்டோ எடுத்துக்கிட்டு நடக்கறவனுக்கு எப்படிக் கேக்கும்?"

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

அருவி

சோனாலியம் தாண்டியதும் பள்ளத்தாக்குக்கு அப்பால் மலைமேலிருந்து வெள்ளையாக ஒரு பட்டை தெரிந்தது. பெட்டியே எழுந்து நின்றது. தூத்சாகர் என்றால் பாற்கடல். மாண்டவி ஆறு கோவா, கர்நாடக எல்லையில் 310 மீட்டர் உயரத்திலிருந்து அடுக்கடுக்காக விழுகிறது. வண்டி வளைந்து வளைந்து போக, அருவி ஒருமுறை மறைந்து மறுபடி பெரிதாகத் தெரிந்தது. பிறகு அதன் நடுவயிற்றிலேயே பாலத்தின் மேல் போனோம். மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர். சாரல் ஜன்னல் வழியாக வந்து பேத்தியின் முகத்தை நனைத்தது. அவள் கத்தியது இன்ஜின் டிரைவருக்கே கேட்டிருக்கும். வண்டி நிதானமாகத்தான் போயிற்று, நன்றாகவே பார்த்தோம். வாசல் பக்கம் மட்டும் பிள்ளைகளை விடவில்லை.

பாலத்தைக் கடந்ததும் ஹாரன் நீளமாக அடித்தது. விடாமல் அடித்தது. ஒரு பாறை வெட்டுக்குள் ஏழெட்டுப் பேர் மலைச்சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஜன்னலுக்கும் அவர்களுக்கும் ஒரு கை தூரம். ஒருவர் தம் தோளில் ஐந்தாறு வயதுப் பையனைத் தூக்கி வைத்திருந்தவர், அவசரமாக இறக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பையன் கண்ணை இறுக மூடியிருந்தான்.

அது ஏறுகிற வண்டி. சத்தத்தோடு வந்த வண்டி.

மாப்பிள்ளை வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேரனைத் தன் பக்கமாக இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இன்னும் கொஞ்ச தூரத்தில், ரெயின்கோட் போட்ட நான்கு பேர் கடப்பாரையும் சுத்தியலுமாக லைனை விட்டு நன்றாகத் தள்ளி ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் கையில் பச்சைக் கொடி. "தாத்தா, உங்க ஆளுங்க!" என்றான் பேரன். பிள்ளைகள் இருவரும் கை ஆட்டினார்கள். கொடி பிடித்தவரும் சிரித்துக்கொண்டே கை ஆட்டினார்.

மழைக்காலத்தில் இவர்களுடைய வேலை இரட்டிப்பு. ராத்திரி முழுக்கக் கையில் விளக்கோடு லைனை நடந்து பார்ப்பார்கள். மண் சரிந்திருந்தாலோ பாறை உருண்டிருந்தாலோ, வருகிற வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தில் பட்டாசு கட்டுவார்கள். சக்கரம் ஏறினால் வெடிக்கும், டிரைவர் நிறுத்திவிடுவார். இவ்வளவு காவலுக்கும் மலை சில சமயம் முந்திக்கொள்ளும். 2021 ஜூலை 23-ல் கொங்கண் பாதையில் வெள்ளம் என்று இந்த வழியாகத் திருப்பிவிட்ட மங்களூர், மும்பை வண்டி, தூத்சாகருக்கும் சோனாலியத்துக்கும் நடுவே மண்சரிவில் மாட்டித் தடம் புரண்டது. பயணிகளுக்கு ஆபத்தில்லாமல் போயிற்று. அத்தகைய இடத்தில்தான் நாம் போட்டோவுக்காக நடக்க ஆசைப்படுகிறோம். 2023 ஜூலையில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கவே, போலீசார் தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அருவியைப் பெட்டிக்குள் இருந்தபடியே ரசியுங்கள் என்று ரயில்வேயும் கேட்டுக்கொண்டது. லைனில் நடப்பது ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டத்துக்காக நடக்காமல் இருப்பதைவிட, தோளில் இருக்கிற பிள்ளைக்காக நடக்காமல் இருப்பதுதான் நல்லது.

திரும்பும் வழி

காஸில் ராக்கில் காற்று சில்லென்று வந்தது. ஏறி முடிந்ததால் பேங்கர்களுக்கு அங்கே வேலை முடிந்தது. லோண்டாவில் இறங்கி, என் மனைவி கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கார் டிரைவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தோம். கோவாக்காரர், காரம் தாளாமல் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார்.

சாலையில் அன்மோட் காட் வழியாக இறங்கினோம். கொண்டை ஊசி வளைவுகள். "ரயில் ஏன் இந்த மாதிரி சட்டுன்னு திரும்பாது?" என்றான் பேரன். இந்த முறை நான் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளையே பதில் சொன்னார்: "ரப்பர் டயருக்கு ரோட்டுல பிடிப்பு ஜாஸ்தி, அதனால கார் செங்குத்தா ஏறும். ரயிலுக்கு அந்தப் பிடிப்பு ஒரு காசளவுதான்டா. அப்புறம் அவ்வளவு நீளமா கோத்துக்கிட்டு வர்ற பெட்டிங்க இந்த வளைவுல எப்படித் திரும்பும்? அதனாலதான் மலையைச் சுத்தி, குடைஞ்சு, மெதுவா ஏறுது." எனக்குப் பென்ஷன் அரியர்ஸ் வந்த மாதிரி இருந்தது.

வழியில் மொல்லேம் பக்கம் திரும்பி, தாம்ப்டி சுர்லா மகாதேவர் கோயிலையும் பார்த்தோம். கதம்பர் காலத்துக் கருங்கல் கோயில். காட்டுக்கு நடுவே சின்னதாக, அமைதியாக இருக்கிறது. கோவாவில் இவ்வளவு பழமையான கோயில் நிலைத்திருப்பது அபூர்வம். இருட்டுவதற்குள் கோல்வா திரும்பிவிட்டோம். சிவப்புக் கொடி அதே இடத்தில் பறந்துகொண்டிருந்தது. கடலில் விசில் ஊதினால் கேட்டுக்கொள்கிறோம், தண்டவாளத்தில் மட்டும் ஏன் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போக நினைக்கும் அன்பர்களுக்குச் சில யோசனைகள். அருவியை நிறைந்த கோலத்தில் ரயிலிலிருந்து பார்க்க ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். மலை ஏறும் எல்லா வண்டியும் தினமும் ஓடுவதில்லை. மண்சரிவு ஏற்பட்டால் ரத்தாவதும் உண்டு. ஆகவே முன்கூட்டியே நாளையும் நேரத்தையும் விசாரித்து, ரிசர்வேஷன் செய்துகொள்ளுங்கள். அருவியின் காலடியில் நின்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நேர்வழி ஒன்று இருக்கிறது. மழை நின்ற பிறகு, குளேமிலிருந்து வனத்துறை அனுமதியோடு ஜீப்புகள் காட்டு வழியாக அழைத்துப் போகும். தண்ணீரில் இறங்க லைஃப் ஜாக்கெட் தருவார்கள். குளேம் வரை மட்கானிலிருந்து லோக்கல் வண்டியும் உண்டு. சாப்பாட்டைக் கையோடு கட்டிக்கொண்டு போங்கள். பிள்ளைகளை வாசலில் நிற்க விடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. வழியில் பச்சைக் கொடியோடு யாராவது ஒதுங்கி நின்றால், பிள்ளைகளைக் கை ஆட்டச் சொல்லுங்கள். நாம் தூங்கிக்கொண்டு போகிற ராத்திரிகளில் மழையில் நடந்தவர் அவர். அடுத்த விடுமுறையில் மழை விட்டதும் ஜீப்பில் போகலாம் என்று மாப்பிள்ளையே சொல்லியிருக்கிறார். போய் வந்து எழுதுகிறேன்.